ஒரு மூடி புளிப்பு

செப்டம்பர் 3, புதன்

பேசக் கூடாதாம். கனகபாயிடம் போய்ச் சொல்கிறார்கள், பேசக் கூடாதாம்! எங்கள் ஊர்க்காரர்கள் இந்த ஆஸ்பத்திரிக்கு மாலை வாங்கிப் போட வேண்டும். என் வாயில் மாட்டாத ஆள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

தொண்டைக்குள் வெந்து வீங்கிக் கிடக்கிறதாம். முனகக்கூடக் கூடாது, வேண்டியதை எழுதிக் காட்டு என்று நர்சு சொன்னாள். எங்கள் ஆள், அதான் என் வீட்டுக்காரர், வாசல் கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கி வந்தார். அட்டையில் ஒரு பூனைக்குட்டி. நாற்பத்தாறு வயதுப் பொம்பளைக்குப் பூனைக்குட்டி. ஞானசிகாமணி என்று பெயரை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் வாங்குகிற சாமான் எல்லாம் இப்படித்தான்.

நான் அஞ்சாம் கிளாஸ். எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் வரும். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான், அதனால் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்துவிட்டேன்:

“திங்கட்கிழமை காலை, ரப்பர் ஷீட் அடிக்கும் புரைக் கொட்டகையில், தண்ணீர் என்று நினைத்து, ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டை வாயில் ஊற்றிவிட்டேன். முக்கால்வாசி துப்பிவிட்டேன். மீதி இறங்கிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.”

யார் கேட்டாலும் பூனைக்குட்டியைத் திறந்து நீட்டுகிறேன். நர்சு படித்துவிட்டு, “தண்ணீன்னு நெனச்சியளா?” என்றாள். தலையை ஆட்டினேன். அவள் புருவம் மேலே போனது, இறங்கவில்லை.

வார்டு நாறுகிறது. பினாயில், மூத்திரம், யாரோ உரித்த ஆரஞ்சு, மூன்றும் சேர்ந்து ஒரு நாற்றம். அதன் மேல் எங்கள் ஆளின் ரப்பர் நாற்றம்.

செப்டம்பர் 4, வியாழன்

மூக்கு வழியாக ஒரு குழாயை வயிறு வரைக்கும் விட்டிருக்கிறார்கள். அதில்தான் கஞ்சி. ருசி கிடையாது, மணம் கிடையாது. வயிறு மட்டும் திடீரென்று சூடாகிறது, யாரோ உள்ளே ஒன்றுக்கு இருந்த மாதிரி. ச்சீ.

எச்சிலை விழுங்க முடியவில்லை. தட்டில் துப்ப வேண்டும். நூல் நூலாக, வெள்ளையாக, அறுக்க அறுக்க வருகிறது. எங்கள் ஆள் தட்டை எடுத்துக்கொண்டு போகிறார், கழுவுகிறார், கொண்டு வந்து வைக்கிறார். முகம் சுளிக்கவில்லை. சிரட்டையில் மிஞ்சிக் காய்ந்து மழையில் ஊறிய ரப்பர் ஒட்டுப்பாலைச் சிரட்டை சிரட்டையாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்தவர். செத்த எலி நாற்றம் அது. அதைச் சுமந்தவருக்கு என் எச்சில் எம்மாத்திரம்?

நர்சிடம் கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். நாக்கு வெள்ளை, உதட்டின் உள்பக்கம் வெள்ளை, தோல் ஆடை கட்டிய பால் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. நாங்கள் டிஷ் என்கிற தகரத் தட்டில் ரப்பர் பால் உறைய வைக்கும்போது மேலே ஒரு ஏடு வருமே, அதேதான். கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் வந்தார். ஆசிட் என்றால் அவர் வந்து எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். முதல் பக்கத்தை நீட்டினேன். படித்துவிட்டு எங்கள் ஆளை ஒரு பார்வை பார்த்தார். “வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்றார். எங்கள் ஆள் எழுந்து வராந்தாவுக்குப் போனார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன், கூடவே மூக்குக் குழாயும் ஆடியது. போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருவருப்பு எனக்கு மட்டும் இல்லை. இன்றைக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

செப்டம்பர் 5, வெள்ளி

கஞ்சி. கஞ்சி. கஞ்சி. பக்கத்துப் படுக்கைக்காரி மாங்காய் போட்ட மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினாள். அவள் விரல் உதிர்ந்து போக.

செப்டம்பர் 6, சனி

ஊரே வந்துவிட்டது. எல்லோர் கையிலும் ஆரஞ்சு. தொண்டை வெந்து கிடக்கிறவளுக்கு ஆரஞ்சு! ஒருத்தி எலுமிச்சம்பழச் சர்பத்தே கலக்கிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் இப்போது ஒரு பழக்கடை இருக்கிறது. ஒன்று அழுகி ஈ மொய்க்கிறது.

வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் ஆளைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

காரணம் என் நாத்தனார் ஸ்டெல்லா. எங்கள் ஆளின் கூடப் பிறந்த தங்கச்சி. வந்தவர் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்கிறாள்.

“மைனி வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தா. நான் அப்பளே ஆப்பசோடாவ வெள்ளத்துல கலக்கிக் கொண்டு ஓடுனேன். ஆசிட்டுக்கு எதிரி சோடாதானே? எனக்க அண்ணன் கைய வீசி ஒரே தட்டு! கப்பு அங்க கெடக்கு, நான் இங்க கெடக்கேன். கெட்டுன பெண்டாட்டிய ஒருத்தன் காப்பாத்த விடாம இருப்பானா? எனக்கு மனசிலாவல்ல.”

என் அண்ணன் ராபின்சன் சுவரில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கத்தவில்லை. அவன் கத்தினால் பயமில்லை, கத்தாமல் இருந்தால்தான் பயம். என்னிடம் வந்து, “ஒனக்க வாயில்லாம எனக்க மவனுக்க கல்யாணமா, பிள்ளே?” என்றான். கண் கலங்கியிருந்தது. இருபத்தொன்பதாம் தேதி அவன் மகன் ஜெபினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் மாமி நான். பெண் வீட்டாரைக் கேலி பேசிப் பாட்டுப் பாடி அவர்களைத் தலைகுனிய வைப்பது என் உரிமை. எங்கள் வீட்டில் நான் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை.

அந்தக் கல்யாணத்துக்குத்தான் போன மாதம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனோம். தையல்கடையில் ஸ்டெல்லா ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று நினைவில்லை. அது எதற்கு இப்போது?

போகும்போது ஸ்டெல்லா இந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். இனிமேல் இதில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கு எங்கள் ஆள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் இடுக்கில் காய்ந்த பால் கறுப்பாக ஒட்டியிருந்தது, அதை உரித்து உரித்து உருண்டையாக்கினார்.

“கனகம், நான் ஒன்னைய ஏதாவது சொன்னேனா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஞாயித்துக்கெழமை ராத்திரி சாளைக் கறியில புளி கூடிப்போச்சுன்னு சொன்னேன். அதா?”

இந்த மனுஷருக்குப் பைத்தியம். வாய் இருந்திருந்தால் வார்டே சிரிக்கும்படி ஒன்று சொல்லியிருப்பேன். நோட்டை எடுத்து எழுதினேன்: “நீங்க நாறுதிய. அந்த நாத்தம் தாங்காமத்தான் குடிச்சேன்.”

படித்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக நாள் தவறாமல் சொல்கிற கேலி அது, அவரும் தவறாமல் சிரிப்பார். ஆனால் அது என் வாயிலிருந்து வரும்போது. தாளில் எழுதினால் கேலிக்குக் குரல் இல்லை, கண்ணடிப்பு இல்லை. நோட்டை மடித்துத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு எச்சில் தட்டைக் கழுவப் போனார். தட்டு ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் ஆள் குளித்து, பவுடர் போட்டு, கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த சட்டையில் வந்தார். சோப்பு மணம் மூக்கைத் துளைத்தது. ஸ்டூலை இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

எனக்குக் குமட்டியது. ரப்பர் நாற்றமே தேவலை.

செப்டம்பர் 10, புதன்

அவர் வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றும் வரவில்லை. ராபின்சன் அண்ணன்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான். வார்டு வாசலில் வைத்து எங்கள் ஆளிடம், “இனி நாங்க பாத்துக்கிடுதோம், நீரு வராண்டாம் ஓய்” என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். இவரும் மறு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டாராம். அண்ணனுக்கு அதுவே சாட்சி. “தப்பு செய்யாதவன் எதுக்குத் தல குனிஞ்சிட்டுப் போறான்?”

நீங்கள் நாறுகிறீர்கள் என்று நான் எழுதினேனே, அதற்குத்தான் குனிந்துகொண்டு போனார். இதை இவனிடம் எப்படிச் சொல்ல?

அண்ணன் பெரிய வீரன், ஊர்ச் சண்டையில் முதல் ஆள். எச்சில் தட்டை நீட்டினேன். ஒரு தரம் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வராந்தாவில் வாந்தி எடுத்தான். நர்சு அவனைத் திட்டிக்கொண்டே கழுவிவிட்டாள்.

இன்று வார்டில் ரப்பர் நாற்றம் இல்லை. நல்ல காற்று. தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டர் பூங்கொடி வந்தாள். சின்னப் பெண், கரூர்ப் பக்கம். அவசரப்பட மாட்டாள், அதனால் எனக்குப் பிடிக்கும். நெடுநாளாக மனதில் கிடந்த ஒன்றை எழுதிக் காட்டினேன்: “எலுமிச்சம்பழமும் ஆசிட், புளியும் ஆசிட், வினிகரும் ஆசிட் என்கிறார்கள். வினிகர் தினமும் குடித்தும் ஒன்றும் செய்யவில்லை. அதே ஆசிட்தானே எங்கள் கேனிலும். இது மட்டும் ஏன் இப்படிச் செய்தது?”

இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, வினிகர் தினமும் யாரு குடிச்சாங்க?”

பேனாவை மூடினேன்.

அவள் சிரித்துக்கொண்டே திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். “வீடியோ பாத்தீங்களா? இடுப்பு குறையும், வயிறு குறையும்னு?”

என்ன செய்வது, தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வேறொரு தாளில் எழுதிப் பதில் சொன்னேன். அந்தத் தாளை அவளே கிழித்துப் போட்டுவிட்டாள், நல்ல பிள்ளை. பூனைக்குட்டிக்கு அது தெரிய வேண்டாம். அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

கேனில் இருப்பதும் வினிகரில் இருப்பதும் ஒரே ஆசிட்தானாம். நான் நினைத்தது தப்பில்லை. (புட்டியில் உள்ள இங்கிலீஷ் எழுத்தும் கேனில் உள்ள எழுத்தும் ஒன்றுபோல இருந்ததே. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வருஷக்கணக்காகப் பார்த்த எழுத்துப் படம் கண்ணுக்குத் தெரியாதா?) ஆனால் வினிகரில் நூறு சொட்டுக்கு அஞ்சு சொட்டுதான் ஆசிட், மீதி தண்ணீர். கேனில் இருப்பது அநேகமாக முழுக்க ஆசிட்.

“உங்க புரையில பால் உறைய வைக்க ஆசிட்ட அப்படியே ஊத்துவீங்களா?”

மாட்டோம் என்று கையை ஆட்டினேன். நிறையத் தண்ணீரில் கலக்கித்தான் ஊற்றுவோம். அப்படியே ஊற்றினால் விழுந்த இடத்தில் கட்டியாகிவிடும், டிஷ் முழுக்க வீண்.

“உங்க தொண்டைத் தோலும் பால் மாதிரிதான். அதுலயும் உறையற சத்து இருக்கு. நேரா விழுந்த எடத்துல உறைஞ்சு போச்சு. தொண்டைக்குள்ள ஒரு ஷீட் அடிச்சு வெச்சிருக்கீங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் பாலுக்குக் காட்டுகிற மரியாதையில் பாதியைக்கூட என் தொண்டைக்கு நான்…

இன்னொரு அசிங்கமும் சொன்னாள். நம் வயிற்றுக்குள்ளேயே ஆசிட் ஊறுகிறதாம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் இருக்கிறதே, அதே வகை! கொஞ்சமாக, தண்ணியாக ஊறுகிறது. சோறு செரிப்பது அதில்தானாம். அப்படியென்றால் வயிறு வேகாதா என்று எழுதினேன். வயிற்றின் உள்சுவரில் கோழை பூசியிருக்குமாம், அது தேயத் தேயப் புதிதாக ஊறுமாம். தொண்டைக்கு அந்தப் பூச்சு கிடையாது, அதனால்தான் புளித்த ஏப்பம் மேலே ஏறினால் நெஞ்சு எரிகிறது. கக்கூஸ் ஆசிட்டும் கோழையும் சுமந்துகொண்டுதான் எல்லா மகாராணிகளும் பட்டுப்புடவை கட்டுகிறார்கள். ஸ்டெல்லாவும்தான்.

எலுமிச்சம்பழமும் புளியும் சாது வகை, அதிலும் கொஞ்சம். உடம்புக்குள் போனால் அதையும் உடம்பு சாப்பாடு மாதிரி எரித்துவிடும். ஆனால் சாது என்றாலும் தண்ணீர் இல்லாமல் கூட்டமாக வந்தால் சுடும், என்னைச் சுட்ட மாதிரி. சில ஆசிட் சுடுவதோடு விடாதாம். பக்கத்துப் புரைகளில் ஊற்றுகிறார்களே ஃபார்மிக் ஆசிட், எறும்புக்குள் இருக்கிற அந்த எறும்பு ஆசிட், அது உள்ளே போனால் ரத்தத்தைக் கெடுத்துக் கிட்னியைப் பிடிக்குமாம். எறும்பு தின்றால் கண் தெரியும் என்று சின்ன வயதில் நாங்கள் சர்க்கரையோடு எறும்பையும் தின்றிருக்கிறோம். ஒரு எறும்பில் எவ்வளவு இருக்கும், ஒரு கேனில் எவ்வளவு இருக்கும். எங்கள் முதலாளி வாங்குவது எறும்பு ஆசிட் இல்லை, என் நல்ல காலம்.

எழுந்து போகும்போது டாக்டர் கேட்டாள், “யாரோ சோடா கொண்டு வந்தப்ப உங்க வீட்டுக்காரர் தட்டிவிட்டாராமே?”

என் முகம் மாறியிருக்க வேண்டும்.

“நல்ல வேலை செஞ்சாரு. ஆசிட் மேல சோடா விழுந்தா பொங்கும், சூடாகும். வெந்த தொண்டைக்குள்ள அது நடந்திருந்தா உங்களுக்குக் குழாய் விடறதுக்குக்கூட எடமிருந்திருக்காது. வாய மட்டும் தண்ணி விட்டுக் கொப்புளிக்க வெச்சாராம். அதுதான் சரி.”

ஒரு மழைக்காலம் ஞாபகம் வந்தது. புரையில் ஆசிட் வாளிக்குள் சோடாப் பொட்டலம் விழுந்து, நுரை சீறி எழுந்து வாளிக்கு வெளியே வழிந்தது. எங்கள் ஆள் என்னை இழுத்துக்கொண்டு வெளியே சாடினார். அவர் மறக்கவில்லை. நான்தான் மறந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணனிடம் நோட்டை நீட்டினேன். “அவர் மேல் ஒன்றும் இல்லை. சோடாவைத் தட்டியது சரி என்று டாக்டர் சொன்னாள். அவரை வரவிடு.”

படித்துவிட்டு அவன் நோட்டை மடித்தான். “இது யாரு எழுதச் சொன்னது? மொதல் பக்கத்துலயும்தான் எழுதிருக்க, வெள்ளமுன்னு நெனச்சேன்னு. இருவது வருசம் அந்தப் புரையில நிக்கியவளுக்கு வெள்ளமும் ஆசிட்டும் தெரியாதா? மூக்கு இல்லியா ஒனக்கு? ஊரே சிரிக்குது. பயந்துட்டுதான் எழுதுதான்னு எனக்குத் தெரியாதா பிள்ளே?”

எழுத எழுத அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பொய்யை முதல் பக்கத்தில் வைத்தால் அப்புறம் வருகிற நூறு பக்கமும் பொய்யாகத்தான் தெரியும் போல.

எங்கள் ஆள் மேல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டானாம். நாளைக்குப் போலீஸ்காரர் வருவார். “நீ ஒண்ணும் எழுதாண்டாம். அவரு கேப்பாரு, நீ தலைய மட்டும் ஆட்டு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அவன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அந்தப் பாசத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறுகிறது, வழி அடையவில்லை, தண்ணீராகக் குடிக்கலாம் என்றார்கள். மூக்குக் குழாயை உருவினார்கள். அது வெளியே வந்த கோலத்தை எழுத மாட்டேன், எனக்குக் குமட்டுகிறது. டாக்டர் பூங்கொடி விரலை நீட்டிச் சொன்னாள், “குரல் நாண் இன்னும் வீங்கி இருக்குக்கா. இன்னும் ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசுனீங்கன்னா பழைய குரல் திரும்பாமலே போயிடலாம்.”

மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். போலீஸ்காரர், அண்ணன், ஸ்டெல்லா. கடைசியில் எங்கள் ஆள். புரையிலிருந்து நேரே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், குளிக்கக்கூட விடவில்லை. கதவோரமாகவே நின்றார், நாற்றம் என் பக்கம் வரக் கூடாது என்று. அப்படியும் வந்தது. மூக்கை நிமிர்த்தி ஒரு இழுப்பு இழுத்தேன்.

போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “நீங்க ஆசிட் குடிச்சதுக்கு இவருதான் காரணம்னு உங்க அண்ணன் சொல்லுதாரு. ஆமான்னா தலைய ஆட்டும்மா.”

“நோட்ட வாங்காதீங்க சார்,” என்றான் அண்ணன். “அதுல பூரா பயந்து எழுதிருக்கு.”

எங்கள் ஆள் நிமிரவில்லை. அவரைப் பார்த்தேன். தலையாட்டினால் கைகூப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுவார். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார். கேட்டாயிற்றே ஒரு தடவை, பதில் எழுதியும் காட்டினேனே.

“அண்ணா,” என்றேன்.

என் குரல் எனக்கே தெரியவில்லை. ஷீட் அடிக்கிற ரோலரை எண்ணெய் போடாமல் சுற்றினால் ஒரு கரகரப்பு வரும். அது மாதிரி. எல்லோரும் யார் பேசினது என்று பார்த்தார்கள்.

“மைனி, பேசாதிய!” என்றாள் ஸ்டெல்லா.

“நீ பேசாத. ஒன்னால வந்தது.” ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டையில் அரிவாள் இழுத்தது. “தையல்கடையில என்ன சொன்ன? மைனிக்குத் தையக்காரி பத்தாது, பந்தல்காரனக் கூப்பிடுன்னு சொன்னியா இல்லியா?”

ஸ்டெல்லா முந்தானையை இழுத்து வாயைப் பொத்தினாள்.

“எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். மறுநாளே வினிகர் வாங்குனேன். மெலியதுக்கு. தண்ணியில கலக்குனா ஒரு கிளாஸ் பூரா நாறும். அதனால மூக்கப் பிடிச்சு ஒரு மூடி வாயில ஊத்தி, மேல வெள்ளம் குடிப்பேன். எங்க அப்பன் சாராயம் குடிச்ச மாதிரி. புட்டி தீந்துது. கேன்லயும் அதே எழுத்து. மூக்கப் பிடிச்சேன். ஒரு மூடி.”

இதற்கு மேல் வரவில்லை. தட்டில் துப்பினேன், சிவப்பாக வந்தது.

பக்கத்துப் படுக்கைக்காரி வாயில் வைத்த வடையோடு என்னைப் பார்த்தாள்.

“மெலியவா?” என்றான் அண்ணன். “ஆசிட்டா? நீயா? ஊரையே குண்டி குண்டின்னு கேலி பேசுத நீயா பிள்ளே?”

முதலில் சிரித்தது போலீஸ்காரர்தான். இருமுகிற மாதிரி நடித்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு வார்டே சிரித்தது. இத்தனை நாளாக இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் முதல் பக்கத்தில் அப்படி எழுதினேன். ஊரில் என் வாயில் அடிபடாதவர்கள் இல்லை, எல்லோரும் இனிச் சேர்த்து வைத்துத் திருப்பித் தருவார்கள். தரட்டும்.

எங்கள் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கட்டிலருகே வந்தார்.

“அப்போ… நான் நாறுனதுக்கு இல்லியா?”

“நாறுதியதான்,” என்றேன். “அதுக்காவ யாராவது சாவாளா, மனுஷா?”

அவர் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். குழாயடியில் நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

டாக்டர் பூங்கொடி என்னைத் திட்டினாள். நேற்று பேசியதில் மறுபடி வீங்கிவிட்டது. பதில் பேச முடியாதவளைத் திட்டுவது வீரமா?

செப்டம்பர் 20, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். புளி விடாத ரசம், காரம் விடாத குழம்பு, குழைந்த கஞ்சி. பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஆனால் வாய் வழியாகப் போகிறது.

புரைப் பக்கம் நடந்து போனேன். வாசலிலேயே ஆசிட் மணம் மூக்கில் ஏறியது. எத்தனை தூரத்திலிருந்து சொல்கிறது பாவம் இந்த மூக்கு. இதைத்தானே இரண்டு விரலால் பிடித்து அடைத்தேன். எங்கள் ஆள் கேனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் கொந்தை ஜெபமாலையோடு கோத்துப் போட்டிருக்கிறார்.

ஸ்டெல்லா ஜாக்கெட்டைக் கொண்டு வந்தாள். போட்டுப் பார்த்தேன். தோளிலிருந்து நழுவியது. இரண்டு பக்கமும் அவளே மடித்துப் பிடித்து ஊசி குத்தினாள். இத்தனை ஆசைப்பட்ட இடுப்பு வந்திருக்கிறது, எலும்பும் தோலுமாக, பிழிந்து கொடியில் போட்ட துணி மாதிரி. பார்க்கவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

ஜெபினுக்குக் கல்யாணம் முடிந்தது. குரல் வந்தது, பழைய குரல் இல்லை. டாக்டர் சொன்ன மாதிரியே அது போய்விட்டது. பெண் வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும் நான் பின்னாலிருந்து கேலிப் பாட்டை எடுத்தேன். பெண்ணின் சித்தப்பா திரும்பிப் பார்த்து, “எந்த அண்ணன் பாடுதது?” என்றார். சபை சிரித்தது. போகட்டும், ஆண் குரலில் திட்டினால் இன்னும் நன்றாகத்தான் உறைக்கிறது.

எங்கள் ஆள் புதுச் சட்டையில், குளித்துப் பவுடர் போட்டுப் பக்கத்தில் நின்றார். கிட்டே போய் மோந்தேன். காதுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் இருந்தது. அங்கேயே நின்றுகொண்டேன்.

அடுத்த பந்தியில் பாயசம் விளம்பும்போது, பக்கத்து இலையில் இருந்த மணப்பெண்ணின் அக்கா என் பக்கம் குனிந்தாள். நல்ல பருமன், சிவந்த முகம். “மாமி, கல்யாண நிச்சயத்துல பாத்தப்ப நீங்க எப்பிடி இருந்தியோ! என்ன குடிச்சிய? எனக்கும் சொல்லுங்க, ரகசியமா.”

பாயசத்தைக் கீழே வைத்தேன். அவள் தாடையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, என் வாயை ஆவென்று திறந்து காட்டினேன். நாக்கு, அண்ணம், உள்ளே வெள்ளைத் தழும்பு, எல்லாம் தெரிகிற மாதிரி.

அவள் முகம் கோணிக்கொண்டு போனதே, அடடா! இந்த மாதம் முழுக்க நான் பட்ட அருவருப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முகம் போதும். மெலிய வேண்டும் என்று ஒரு பாயசத்தோடு தன் இலையை மடிக்கப் போனவள் கையை எடுத்துவிட்டு, விளம்புகிற பையனைக் கூப்பிட்டு இரண்டாம் தடவை பாயசம் வாங்கினாள்.